ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய பைக் சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் லீவர்) போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது என்று புலம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் பைலட் ஜெட், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காதபோது இன்ஜினுக்குப் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டு, அடைத்திருக்கும். மாதக்கணக்கில் வண்டியை எடுக்காமல் விட்டால் கார்புரேட்டரின் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த ஜெட்டின் துளையோ அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

இதில் நான் செய்த முட்டாள்தனம், துளைக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டது. அப்புறம் பிளக் கரி பிடித்து, மைலேஜும் போச்சு. ஜெட்டைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கிளீனர் பட்டால் ரப்பர் ஓ-ரிங் உப்பிவிடும், அதனால் முன்பே கழற்றி வையுங்கள், கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள். ஏர் ஸ்க்ரூவை (காற்றின் அளவைச் சரிசெய்யும் திருகு) கழற்றும் முன் முட்டும் வரை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அதே அளவில் வைக்கலாம். இதை எண்ணாமல் விட்டு, வண்டி நின்ற இடத்தில் சீராக ஓட, அரை நாள் ஐடிலிங்கோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்!

வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இப்படிக்கு,
பழைய பைக்கை விற்க மனமில்லாத ஒரு வாசகர்