பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்த அக்காவுக்கு

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தோழர்களுக்கும், உறவுகளுக்கும், இந்த மூன்று மாதமும் என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்த அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை தலைமையகத்தின் கடிதம் வந்துவிட்டது. நம் தொழிற்சாலையின் உற்பத்தி லைன் மூடப்படவில்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும்; அதை மறுபடி கிளற எனக்கு மனமில்லை. இரவு முழுவதும் தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி மூன்றாவது லைனில் வேலை செய்யும் அக்காவுக்கு. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

லைன் மூடப்படலாம் என்ற பயத்தில் எல்லாரும் இருந்தபோது, மேலாளராக நான் உங்கள்முன் பேசவேண்டியிருந்த கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை. ஏழு மணி ஷிப்ட் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, உடை மாற்றும் அறையில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் நான்கு பக்கம். ஆங்கிலத்தில் எழுதி மலாய்க்கு மாற்றியது. எனக்கு முன்பிருந்த மேலாளர் பேசுவது போலவே முதலில் எண்கள், பிறகு எச்சரிக்கை, கடைசியில் ஒரு வரி நன்றி. அக்கா பெஞ்சின் ஓரத்தில், பாதி கழற்றிய நீல அங்கியோடு உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"இது நீ பேசுகிற மாதிரி இல்லையேம்மா" என்றார். நான் லைனில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து என்னை அறிந்தவர் அவர். "தாளை வை. உனக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை என்னிடம் சொல். நான் கேட்கிறேன்."

கம்பெனி பஸ் கிளம்பிவிடுமே என்றேன். "அது நிற்கும்" என்றார்.

நான் பேசினேன். என் அம்மாவிடமிருந்து தொடங்கியது. 1972இல் இங்கே தொழில் மண்டலம் திறந்த சில ஆண்டுகளில் அம்மா வேலைக்குச் சேர்ந்தார். பினாங்குப் பாலம் 1985இல்தான் வந்தது; அதுவரை அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில்தான் வரவேண்டும். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் இணைக்கும் வேலை. வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் படுத்திருப்பார். நாங்கள் சத்தம் போடாமல் விளையாடுவோம். இதைச் சொன்னபோது அக்கா கையை உயர்த்தி, "இதை நாளைக்கும் சொல்" என்றார். பேச்சு முழுவதிலும் அவர் வாய் திறந்தது அந்த ஒரே ஒரு முறைதான். தலையாட்டவில்லை, பாராட்டவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் முடித்ததும் அங்கியை மடித்து வைத்தார், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ் நிற்கவில்லை. இது எனக்கு இரண்டு வாரம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். மழையில் நடந்து பெரிய சாலைக்குப் போய், ராபிட் பஸ் பிடித்து ஜெட்டிக்கு, அங்கிருந்து ஃபெரி, அக்கரையில் இன்னொரு பஸ். வீடு சேர இரவு பத்தரை மணி ஆகிவிட்டதாம். மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல லைனில் நின்றார். கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று நான் தாளை விரிக்கவில்லை. மலாயில் பேசினேன், இடையிடையே தமிழும் வந்தது. எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். தலைமையகம் என்ன முடிவெடுக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது, தெரிந்த அன்றே உங்களுக்கும் சொல்லிவிடுவேன் என்றேன். கூட்டம் கலைந்ததும் ஒரு மலாய்த் தொழில்நுட்பர் என்னிடம் வந்து, எட்டு மாதமாகச் சொல்லத் தயங்கிய ஒரு விஷயத்தைச் சொன்னார். நாங்கள் மீளத் தொடங்கியது அதிலிருந்துதான்.

என் பயிற்றுநருக்கும் கடன்பட்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து காணொளியில் வருவார். அறிவுரை சொல்வார், குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவோடு காத்திருந்தேன். ஒன்றுகூடச் சொல்லவில்லை. எங்கே போக விரும்புகிறீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப் போகிறீர்கள் என்று, பயிற்றுநர்களின் முன்னோடியான ஜான் விட்மோர் உலகெங்கும் பரப்பிய அந்த நான்கு கேள்விகளைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார். மூன்றாவது அமர்வில் நான் உடைந்து அழுதேன். முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு திமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னார். வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவனைவிட, ஆட்டக்காரனின் தலைக்குள் ஓயாமல் ஆணையிட்டுத் திட்டும் குரல்தான் கடினமான எதிராளி என்று 1974இலேயே எழுதியவர் அவர். "உங்கள் தலைக்குள் திட்டுவது யாருடைய குரல்?" என்று கேட்டுவிட்டு அமர்வை முடித்துவிட்டார். அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து குடைந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அந்தக் குரல் என்னுடையது அல்ல என்று தெரிந்தது.

தானாக இருப்பது என்றால் மனத்தில் பட்டதையெல்லாம் கொட்டிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று நான் சொல்லாமல் விட்டவை நிறைய. ஆனால் சொன்னதில் இரவல் வாங்கியது எதுவும் இல்லை.

இரவு ஷிப்ட் தோழர்களுக்கு, பழுதுபார்ப்புப் பிரிவுத் தம்பிகளுக்கு, மூன்று மாதமும் அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட என் கணவருக்கு, தண்ணீர்மலை முருகன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்த அத்தைக்கு, எதுவும் கேட்காமல் தே ஓவை (பால் சேர்க்காத தேநீரை) மேசையில் வைத்துவிட்டுப் போன கேண்டீன் அண்ணனுக்கு, உங்கள் எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

திங்கட்கிழமை முதல், ஷிப்ட் முடிந்ததும் அரைமணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்காரப்போகிறேன். யார் வந்து பேசினாலும் கேட்பேன். அதனால் பஸ்ஸைத் தவறவிட்டவர்களை என் காரில் வீட்டில் கொண்டுபோய் விடுவேன்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விடுமுறை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று அம்மாவை அழைத்துக்கொண்டு அக்கரைக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பாலம் வழியாக வேண்டாம், ஃபெரியில் போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.