ஞாயிற்றுக்கிழமை பசுமை வாழ்வு மையத்துக்குப் போகிறோம்

அனைவருக்கும் வணக்கம். காலை 10 மணிக்கு மையத்தின் நுழைவாயிலில் கூடுவோம். காரில் வருபவர்கள் காலி இடம் இருந்தால் குழுவில் சொல்லிவிடுங்கள், இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து வரலாம்.

உள்ளே போனதும் எல்லோருக்கும் சூரியத் தகடுகள் பக்கம்தான் கண் போகும். என்னைக் கேட்டால் முதலில் உரக்குவியலைப் பாருங்கள். காய்ந்த சருகும் காய்கறிக் கழிவும் அடுக்கடுக்காகக் கிடக்கும். நன்றாக வேலை செய்யும் குவியலின் நடுவே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏறும். அத்தனையும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சூடு. களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அதில்தான் சாகின்றன. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் அல்லது காற்று போதவில்லை என்று அர்த்தம். சருகு சேர்த்துக் கிளறிவிட்டால் சரியாகிவிடும். வீட்டில் உரத்தொட்டி வைத்துப் பாதியில் விட்டவர்கள் இந்த இடத்தில் நின்று நிதானமாகக் கேளுங்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அப்புறம் மழைநீர்த் தொட்டி. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர், சிதறுவது கொஞ்சம் போக. உங்கள் கூரையின் பரப்பளவைக் குறித்துக்கொண்டு வந்தால் அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.

குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். சூரிய அடுப்பின் கண்ணாடியை நேராக உற்றுப் பார்க்கவிட வேண்டாம், கண்ணுக்குக் கெடுதல். தண்ணீர் பாட்டில், தொப்பி, சேறு பட்டாலும் பரவாயில்லை என்ற காலணி போதும்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.