கடைமடைக்குத் தண்ணீர் விட்டவர்களுக்கு

நம் கண்மாய்த் தண்ணீரில் பயிர் வைக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த நன்றியை அந்த வறட்சி வருஷத்திலேயே எழுதியிருக்க வேண்டியது. கொஞ்சம் கோபம், அதைவிட அதிகமாக வெட்கம். அதுதான் தள்ளிப்போட்டுவிட்டேன்.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. சிவகங்கைப் பக்கம் அதற்கு முன்பே கதிர் வெளிவரும் முன்பே பயிர் பொதியில் காயத் தொடங்கிவிட்டது. கண்மாயில் கிடந்தது கால்வாசித் தண்ணீர். தண்ணீர் முதலில் பாயும் தலைமடை பச்சையாக நிற்க, கடைசியில் பாயும் கடைமடையில் என் ஒன்றரை ஏக்கர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒருநாள் இரவு யாரோ வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். மண்வெட்டியோடு போய்த் தலைமடைச் சித்தப்பாவைப் பேசக் கூடாததெல்லாம் பேசினேன். அடைத்தது அவர் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சித்தப்பா, நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மறுநாள் சாவடியில், ஸ்டேஷனுக்கே போவோம் என்று இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தபோது, "எத்தனை ஏக்கர் இருந்தாலும் வீட்டுக்கு ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணி" என்றீர்கள். நாலு ஏக்கர்க்காரர் சொன்னதால் எடுபட்டது. நான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். உங்கள் மூன்று ஏக்கர் மாட்டுத் தீவனமாகிப் போனது. சித்தியின் கம்மல் அடகுக்குப் போனதும் தெரியும்.

அப்புறம், மடை திறந்து முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி ஐயா. இந்த ஆயக்கட்டில் உங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, அதனால்தான் நியாயமாகப் பாய்ச்சுகிறார் என்று பெருமையாகச் சொல்வோம். ஏன் கிடையாது என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. பன்னிரண்டு ராத்திரி செல்போனில் அலாரம் வைத்து முறை மாற்றி விட்டீர்கள். என் முறை ராத்திரி இரண்டு மணிக்கு. டார்ச்சோடு வந்து எழுப்பியதும் நீங்கள்தான். ஆடு மாடு குடிக்க வேண்டும் என்று முழங்கால் அளவு நிறுத்தி மடையை அடைத்தபோது, இன்னும் ஒரு தண்ணி விடுங்கள் என்று கெஞ்சியவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் அசையவில்லை. பங்குனி வரை என் மாடுகள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். எனக்கு ஒன்பது மூட்டை நெல்லும் மிஞ்சியது.

டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு கிணற்றுத் தண்ணீர் விட்ட மச்சானுக்கும் நன்றி. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கும், ஜேசிபி வாடகைக்குத் திருப்பூரிலிருந்து பணம் அனுப்பிய தம்பிகளுக்கும் நன்றி.

இந்த வருஷம் கண்மாய் நிறைந்து கலுங்கு தாண்டித் தண்ணீர் போனது. ஐயா, அந்த வறட்சி வருஷம் உங்களுக்கு யாரும் கூலி நெல் அளக்கவில்லை. என் பங்குப் பாக்கியையும் சேர்த்து இரண்டு மூட்டை கட்டித் திண்ணையில் வைத்திருக்கிறேன். நீங்கள் வர வேண்டாம், தம்பி வண்டியில் கொண்டுவந்து இறக்குவான்.

இப்படிக்கு,
கடைமடைக்காரி