பாலூட்டும் நைட்டி தைக்க வழிகாட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள மதுரை விளக்குத்தூண் துணிக்கடை அண்ணனுக்கும், புதுமண்டபத்தில் தைத்துப் பழகிய மாஸ்டருக்கும், பிரசவ வார்டு சிஸ்டர்களுக்கும், மிஷின் மெக்கானிக் அண்ணனுக்கும், முதல் நைட்டிகளை உடுத்திப் பார்த்து உள்ளது உள்ளபடி குறை சொன்ன தாய்மார்களுக்கும் எங்கள் தையல் குழுவின் வணக்கம்.

நைட்டிதானே, அளவே வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒரு தையல் போட்டால் முடிந்தது என்பார்கள். பிள்ளை பெற்று மூன்று நாள் ஆன உடம்புக்கு அப்படித் தைக்க முடியாது என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் சுட்டிக்காட்டினீர்கள். தளர்வு என்பது எங்கே விடவேண்டும், எங்கே விடக்கூடாது என்று தெரிந்து விடுவது. நீங்கள் சொன்னவற்றை இங்கே எழுதி வைப்பதைவிடச் சரியான நன்றி எங்களுக்குத் தெரியவில்லை.

துணிக்கடை அண்ணே, கலப்பு நூலைக் கண்டுபிடிக்க நீங்கள் காட்டிய வழியை இப்போது ஒவ்வொரு பீஸிலும் செய்கிறோம். ஓரத்திலிருந்து நாலு நூலை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். வியர்வையும் பாலும் சேர்ந்து நனைகிற உடுப்பில் கலப்புத் துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சாயத்துக்கும் சோதனை சொன்னீர்கள்: வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் நிறம் ஏறக்கூடாது. ஏறினால் அந்தத் துணி வேண்டாம். குழந்தை வாய் வைக்கிற இடம் அது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்குடியிலும் இந்தச் சோதனையை விடாதீர்கள் என்று, விற்கிறவராக இருந்துகொண்டே சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி.

ஒரு நைட்டிக்கு எடுக்கும் 3 மீட்டர் துணி என்பது 118 இஞ்ச். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் 3, 4 இஞ்ச் சுருங்கிவிடும். இந்த ஊறவைத்தலைத் தவிர்த்தால் நீளம் குறைவதோடு நிற்காது. பால் கொடுக்கும் திறப்புக்கு வைக்கிற ஜிப்பின் பட்டை பாலியஸ்டர், அது சுருங்காது. சுற்றியுள்ள பருத்தி மட்டும் சுருங்குவதால் முதல் சலவையிலேயே ஜிப் அலை அலையாக நெளிந்து நெஞ்சில் துருத்தும். அந்த நெளிவை இஸ்திரி போட்டும் சரிசெய்ய முடியாது.

மாஸ்டர், மார்பு 38 இஞ்சுக்கு நீங்கள் போட்டுக்கொடுத்த கணக்கு இதுதான். தளர்வுக்கு 8 சேர்த்து 46. அதில் கால் பங்கு 11½, பக்கத் தையலுக்கு 1, ஆக மடித்த துணியில் 12½. கீழ்ச்சுற்றுக்கு அதே மடிப்பில் 16. தோளிலிருந்து நீளம் 51, தோள் தையலுக்கு அரை, கீழ்மடிப்புக்கு ஒன்றரை, மொத்தம் 53. முன், பின் இரண்டுக்கும் 106. கடை நைட்டிகள் 54, 56 நீளம் வருகின்றன. 5 அடி 2 அங்குலம் உயரமுள்ளவர் அதை உடுத்திக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் விளிம்பு காலில் தட்டும். கணுக்காலுக்கு மேலே நிற்கிற 51 போதும்.

துணி 44 இஞ்ச் அகலம் என்றால் கைகளை அக்குளுக்குப் பக்கத்தில் மிஞ்சுகிற துண்டிலேயே வெட்டிவிடலாம். கையின் அகலம் 17, துணியின் நீளவாட்டில் படுக்கும். கையின் நீளம் மடிப்பெல்லாம் சேர்த்து 8. புள்ளிச் சுங்குடியில் வித்தியாசம் தெரியாது. மேல் நோக்கிப் பூத்த பூ டிசைனில் கைப்பூ மட்டும் படுத்துக் கிடக்கும், வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். 36 இஞ்ச் துணியில் பக்கத்தில் இடமில்லை. அடியில் மிஞ்சுகிற 8 இஞ்ச் பட்டையில் இரண்டு கையும் ஒட்டி ஒட்டி வந்துவிடும், ஆனால் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் (மூலைவாட்டில் வெட்டும் பட்டை) வெட்டத் துணி இருக்காது. அந்த அகலத்துக்கு மூன்றேகால் மீட்டர் எடுப்பதே நல்லது.

இனி, நாங்கள் தலைகீழாக நினைத்திருந்த விஷயம். தளர்வான உடுப்பென்றால் அக்குளை ஆழமாக இறக்க வேண்டும் என்று 10 இஞ்ச் வைத்திருந்தோம். அக்குள் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவு உடுப்பும் சேர்ந்து மேலே ஏறும் என்று மாஸ்டர் ஊக்கு குத்திக் காட்டினார். உடுப்பு ஏறினால் ஜிப்பும் ஏறும். பால் கொடுக்க வேண்டிய நேரத்தில் திறப்பு கழுத்தெலும்புக்குக் கீழே போய் நிற்கும். அதனால் அக்குள் ஆழம் 8½, அதற்கு மேல் இல்லை. தாராளத்தைக் கையில் வைக்க வேண்டும். கையின் மேல்வளைவு 3½ இஞ்சுக்கு மேல் உயரக்கூடாது. வளைவு தட்டையாக இருந்தால்தான் கை தடையில்லாமல் உயரும். உயரமான வளைவு கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அழகு, பிள்ளை தூக்கும்போது பிடிக்கும். உடுப்பின் உடல்பாகத்து அக்குள் வளைவையும் கையின் மேல்வளைவையும் டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி ஓட்டி அளந்து, வித்தியாசம் 4 நூலுக்குள் (8 நூல் ஓர் இஞ்ச்) இருந்தால் மட்டுமே தைக்கத் தொடங்குகிறோம். தோளைத் தைத்தவுடன், பக்கம் மூடுவதற்கு முன்பே கையை ஏற்றி, பிறகு கைநுனியிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தைத் தைப்பது புதிதாகப் பழகுபவர்களுக்கும் எளிது.

வார்டு சிஸ்டர்களே, ஊசியும் கத்தரியும் மட்டும் தெரிந்தவர்களுக்குத் தோன்றாதவற்றை நீங்கள் சொன்னீர்கள். டிரிப்ஸ் ஏறும் கையோடு உடுப்பு மாற்றும்போது பாட்டில் உடுப்பின் கை வழியாக நுழைந்து வரவேண்டும், பிரஷர் பார்க்க மேற்கை வரை சுருட்ட வேண்டும். 16 இஞ்ச் சுற்றுள்ள அரைக்கை இரண்டுக்கும் போதும். இடுப்பில் எலாஸ்டிக் வேண்டாம், சிசேரியன் தையல் அடிவயிற்றில் இருக்கிறது. பின்னால் கட்டும் நாடாவும் வேண்டாம், மல்லாந்து படுத்தால் முடிச்சு முதுகில் உறுத்தும். உதிரப்போக்கு இருக்கும் நாட்கள் என்பதால் அடர்நிறமே வசதி.

எல்லாவற்றிலும் பெரியது நூல் பற்றிய எச்சரிக்கை. தொங்கும் நூல் பச்சைக்குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்படும் என்றீர்கள். அன்றிலிருந்து உட்புறம் பிரிந்த ஓரமே இல்லாமல் பிரெஞ்சு தையல்தான் போடுகிறோம். நல்ல பக்கம் வெளியே இருக்க 2 நூல் உள்ளே முதல் தையல், ஓரத்தை ஒரு நூல் விட்டு நறுக்கி, திருப்பி, 3 நூலில் இரண்டாவது தையல். முதல் தையலின் ஓரத்தை நறுக்க மறந்தால் பிசிறு இரண்டாவது தையலைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். முடிந்த நைட்டியை வெளிச்சத்தில் உட்புறம் திருப்பி, நூல் பொறுக்கிய பிறகே மடிக்கிறோம்.

ஜிப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும். பச்சைக்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். மாதத்துக்கு ஒவ்வொரு ஜிப்பும் நூறு தடவைக்கு மேல் திறந்து மூடப்படும். மலிவான ஜிப் அதைத் தாங்காது. 10 இஞ்ச் நைலான் ஜிப் இரண்டு. நடுமுன்னிலிருந்து இரண்டு பக்கமும் 3¾ இஞ்ச் தள்ளி, தோளிலிருந்து 7 இஞ்ச் கீழே தொடங்கி நேராக இறங்கவேண்டும். முதலில் 9 இஞ்ச் கீழே தொடங்கினோம். துணியைத் தூக்கிப் பிடித்தால்தான் குழந்தைக்கு எட்டுகிறது என்று தாய்மார்கள் சொன்னார்கள். 8 இஞ்ச் ஜிப்பில் ஓரங்கள் மார்பை உரசின. திறப்பு மேலிருந்து கீழாகவே இருக்கட்டும். உடுப்பு தோளில் தொங்குவதால் கீழே இழுக்கும்போது துணி விறைத்து நிற்கும், ஒரு கை போதும். கீழிருந்து மேலே திறக்கும்படி வைத்தால் ஜிப்போடு துணியும் ஏறிவரும்.

தைக்கும் முறை: திறப்பு வரும் இடத்தில் உட்புறம் மெல்லிய ஒட்டு கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டவேண்டும். 2½ இஞ்ச் அகலம், 12 இஞ்ச் நீளமுள்ள துண்டை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்து, 3 நூல் அகலத்தில் நீண்ட கட்டம் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே சிறு தையலாகச் சுற்றிலும் தைக்கவேண்டும். நடுவில் வெட்டி, முனைக்கு அரை இஞ்ச் இருக்கும்போது நிறுத்தி, இரண்டு மூலைக்கும் சாய்வாக வெட்டவேண்டும். வெட்டு மூலைத் தையலுக்கு மிக அருகில் போய் நிற்காவிட்டால் திருப்பியதும் மூலை சுருங்கும். தையலைத் தொட்டுவிட்டால் ஓட்டை, அப்புறம் அந்த முன்பாகமே வீண். துண்டை உள்ளே திருப்பி இஸ்திரி போட்டு, அடியில் ஜிப்பை வைத்து, மிஷினில் ஒற்றைக்கால் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) போட்டு ஓரத்தில் தைக்கவேண்டும். ஜிப்பை மறைக்க 1 இஞ்ச் பட்டி. அதைக் கைப்பக்கம் மட்டும் தைத்து நடுப்பக்கம் திறந்து விடவேண்டும். இடது மார்பில் பால் கொடுக்கும்போது வலக்கைதான் வரும், அது நடுவிலிருந்து வரும். இந்தப் பக்கக் கணக்கு ஒரு தாய் சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது. ஜிப்பின் அடிமுனையில் இருக்கும் உலோகத் துண்டு குத்துகிறது என்றதும் வேறொருவர்தான். இப்போது அதன் உட்புறம் ஒரு சதுரத் துணி வைத்து மூடுகிறோம்.

கழுத்து பற்றி அதிகம் சொல்ல இல்லை. மொத்த அகலம் 6, முன் இறக்கம் 5½, பின் இறக்கம் 3. சுற்றி அளந்தால் ஏறத்தாழ 23 இஞ்ச் வரும், 22 இஞ்ச் தலை பட்டன் இல்லாமலே நுழையும். கிராஸ் பீஸ் சரியான மூலைவாட்டில் ஒன்றேகால் இஞ்ச் அகலம். நேர்நூலில் வெட்டிய பட்டை வளைவில் படுக்காது, சுருங்கிக்கொண்டே நிற்கும்.

மெக்கானிக் அண்ணே, அடியில் நூல் கூடு கட்டும்போதெல்லாம் நாங்கள் அடிநூல் சுற்றிய பாபினை வைக்கிற கேஸின் திருகைத் திருகி அதையும் கெடுத்துக்கொண்டிருந்தோம். குற்றம் பெரும்பாலும் மேல்நூலில், ஃபுட்டைத் தூக்காமல் நூல் கோத்தால் அது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராது என்று சொன்னீர்கள். இந்தத் துணிக்கு 14-ஆம் எண் ஊசி, மெல்லிய வாயில் (voile) துணிக்கு 11. அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கிடைத்த மிஷின்களை எங்களோடு பகிர்ந்த அக்காமாருக்கும் இதே வரியில் நன்றி.

38, 42 மார்பு அளவுகளுக்கான காகித வெட்டு மாஸ்டர் கடையில் இருக்கிறது. 42-க்கு மடிப்பில் 13½, ஜிப் நடுவிலிருந்து 4 தள்ளி, 12 இஞ்ச் நீளம். தேவைப்படுகிறவர்கள் பழுப்புத் தாளில் படி எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே வைத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
தையல் குழுவினர், மதுரை