முட்டையை நம்பியா பறவைக் காய்ச்சலை எதிர்கொள்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிருமியின் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை நம் செல்களுக்குக் கொடுத்து எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசியின் ஆராய்ச்சியை அமெரிக்க அரசு கைகழுவியது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள 22 திட்டங்களை நிறுத்துவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்த சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், மூச்சுப்பாதைத் தொற்றுகளை இந்த ஊசிகள் சரியாகத் தடுப்பதில்லை என்று காரணம் சொன்னார். ஊசி போட்டவர்களுக்கும் கொரோனா வந்தது உண்மைதான். அப்படி வந்தவர்களில் எத்தனையோ பேர் ஆக்ஸிஜன் படுக்கை வரை போகாமல் தப்பியதற்கு அதே ஊசிதான் காரணம் என்பதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

என்னைக் கவலைப்பட வைப்பது பறவைக் காய்ச்சல். 2024இல் அந்நாட்டுக் கறவை மாடுகளிடமே அந்தக் காய்ச்சலின் எச்5என்1 கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு எதிராக அமெரிக்க நிறுவனமான மாடர்னா உருவாக்கிவந்த எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிக்கான அரசு நிதியும் 2025 மே மாதம் ரத்தாகிவிட்டது. இன்றும் ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பகுதி கருவுற்ற கோழிமுட்டையில்தான் வளர்க்கப்படுகிறது. கையில் கிடைக்க ஆறு மாதம்கூட ஆகும். கோழிப் பண்ணைகளையே காலிசெய்யும் நோய்க்குக் கோழிமுட்டையை நம்பிக் காத்திருப்பது என்ன திட்டம்? கொரோனா கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. மார்ச் 16ஆம் தேதியே சியாட்டிலில் ஒரு தன்னார்வலருக்கு எம்.ஆர்.என்.ஏ சோதனை ஊசி போடப்பட்டது. அந்த வேகத்தைத்தான் இப்போது தூக்கி எறிகிறார்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இளைஞர்கள் சிலருக்கு இதயத்தசை அழற்சி வந்தது மெய். 2023-24 ஊசிகளில், 12 முதல் 24 வயது வரையான ஆண்களிடம் 10 லட்சம் டோஸுக்குச் சுமார் 27 பேர் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. பெரும்பாலோர் குணமடைந்தாலும், மகனுக்கு ஊசி போடுமுன் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பூசி மெழுகியவர்கள் தடுப்பூசிக்கு நல்லது செய்யவில்லை. ஆனால் 'மரபணுவையே மாற்றிவிடும்' என்பது வேறு பேச்சு. எம்.ஆர்.என்.ஏ, நம் மரபணுக்கள் இருக்கும் செல்லின் உட்கருவுக்குள் போவதில்லை. வேலை முடிந்ததும் சிதைந்துவிடும். பிளஸ் டூ உயிரியல் படித்த பிள்ளைகளே இதைச் சொல்வார்கள்.

நம் ஊர்க் குழப்பம் இன்னும் மோசம். இங்கே பெரும்பாலும் போடப்பட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் எம்.ஆர்.என்.ஏ ஊசிகளே அல்ல. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கோவாக்சின் போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மறைந்தார். ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு பிறகு சொன்னது. இருந்தும் திடீர் மரணம் எது நடந்தாலும் அமெரிக்கச் சர்ச்சையை ஒட்டவைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

புனேயின் ஜெனோவா நிறுவனம் சாதாரணக் குளிர்பெட்டியிலேயே வைக்கக்கூடிய எம்.ஆர்.என்.ஏ ஊசியை உருவாக்கி, 2022 ஜூனில் அவசரகால அனுமதியும் பெற்றது. அந்தத் திறமையை நம் அரசு விடாமல் வளர்க்க வேண்டும். எந்த ஊசிக்கு என்ன பக்கவிளைவு, எத்தனை பேருக்கு என்பதை நம் மருத்துவர்களைக் கொண்டே தங்கள் இதழ் தொடராக எழுதவைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கும்பகோணம்.