மன்சானோவின் எழுத்துப்பிழைகள்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்து இருபது நாள் ஆகிறது. இப்போது பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது, கவலைப்படாதே. நீ முழங்கால் வலியோடு இன்னமும் மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் கோபம்தான் வந்தது. மாடி அறையைப் பேரனுக்கு விட்டுவிட்டுக் கீழே படுத்துக்கொள்ளக் கூடாதா?

முதல் சில நாள் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவளுக்கு அந்த நாள்கள் எப்படிப் போயிருக்கும் என்று உனக்குத் தெரியும். ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி மூன்று வருஷமாகிறதே, கண்ணை மூடிக்கொண்டு காதால் படிப்போம் என்று கைப்பேசியில் கவிதை வாசிப்புகளைப் போட்டுக் கேட்டேன். அப்படித்தான் பெருவைச் சேர்ந்த விக்தோரியா சாந்த குருஸின் குரல் எனக்குக் கிடைத்தது. ஏழு வயதுச் சிறுமியைத் தெருவில் சில குரல்கள் ‘நெக்ரா’ என்று கத்துகின்றன. நம் பேச்சில் ‘கறுப்பி’. அவள் குறுகிப்போகிறாள், சுருள்முடியை நீட்டிவிட்டுக்கொள்கிறாள், முகத்தில் பவுடர் பூசுகிறாள். கவிதையின் பிற்பாதியில் அதே சொல்லை அவளே நிமிர்ந்து நின்று சொல்கிறாள். கைத்தட்டலும் பின்குரல்களும் கூடவே வருகின்றன. ஸ்பானிஷ் அச்சில் பார்த்தால் தொடக்கத்தில் வரும் நெக்ராவும் முடிவில் வரும் நெக்ராவும் அதே ஐந்து எழுத்துதான். வாசித்திருந்தால் ஒருவேளை கடந்து போயிருப்பேன். கேட்டதால் அழுதுவிட்டேன்.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கறுப்பின எழுத்தாளர் என்று நிறத்தை வைத்து ஏன் பிரிக்க வேண்டும், எழுத்து எல்லோருக்கும் பொதுதானே என்று. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் கியூபாவின் ஹுவான் பிரான்சிஸ்கோ மன்சானோ. அவரைப் பற்றிச் சொன்னால் உன் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

1797-இல் அடிமையாகவே பிறந்தவர். எழுதக் கற்றுக்கொண்ட விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். எஜமானர் எழுதிக் கசக்கிப் போடும் காகிதங்களைப் பொறுக்கி, சுருக்கம் நீக்கி, மேலே மெல்லிய தாளை வைத்து அந்தக் கையெழுத்தின் மீதே தன் கையை ஓட்டிப் பழகினார். எஜமானர் அதைப் பார்த்துவிட்டு, இது உன் நிலைமைக்கு ஏற்ற வேலை இல்லை, போய்த் தையல் வேலையைப் பார் என்றாராம். அதற்குப் பிறகும் இரவில் ஒளித்து எழுதிப் பழகினார். இளம் வயதில் ஒருநாள் எஜமானியோடு தோட்டத்தில் நடக்கும்போது மனத்துக்குள் கவிதை கட்டிக்கொண்டே தன்னையறியாமல் ஒரு ஜெரேனியம் இலையைப் பறித்துக் கசக்கியிருக்கிறார். வாசனையை வைத்து எஜமானி கண்டுபிடித்துவிட்டாள். ஓர் இலைக்கு என்ன தண்டனை தெரியுமா? பிணங்களைப் புதைக்கும்வரை போட்டுவைக்கும் அறையில் இரவு முழுக்க அடைத்தார்கள். விடிந்ததும் சாட்டையடி. நான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து, பால்கனித் தொட்டியில் இருக்கும் துளசியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

ஹவானாவில் தொமிங்கோ தெல் மோந்தே என்ற வெள்ளை இலக்கியவாதி இருந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் 1835-இல் மன்சானோ தன் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அப்போதும் அவர் அடிமைதான். ‘அடிமை என்பவன் எஜமானின் முன் இறந்துபோன உயிர், அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்’ என்று தெல் மோந்தேவுக்குக் கடிதம் எழுதுகிறார். 1836-இல் தெல் மோந்தேயின் நண்பர்கள் பணம் திரட்டி அவரை விடுதலை செய்தார்கள்.

சரி, நான் சொல்லவந்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. மன்சானோ காதால் கேட்டபடியே எழுதியவர். எழுத்துக்கூட்டல் விதிகளெல்லாம் அவரிடம் கிடையாது, நிறுத்தக்குறிகளும் அரிது. தெல் மோந்தேவின் வட்டத்திலிருந்த சுவாரெஸ் இ ரொமேரோ பிரதியைத் திருத்தி ஒழுங்குபடுத்தினார். பிறகு அயர்லாந்து மருத்துவர் ரிச்சர்ட் மேடன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1840-இல் லண்டனில் வெளியிட்டார். தலைப்பில் ஆசிரியர் பெயர் இல்லை, கியூபாத் தீவின் அடிமை ஒருவர் என்று மட்டும் இருந்தது. மன்சானோ தன் கையால் எழுதிய வடிவம் ஸ்பானிஷில் அச்சேறியது 1937-இல்! கிட்டத்தட்ட நூறு வருஷம் உலகம் அவரை அடுத்தவர் வாய் வழியாகத்தான் கேட்டிருக்கிறது. அவர் எழுதிய இரண்டாம் பாகமோ தொலைந்தே போய்விட்டது.

திருத்தியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அடிமை முறையை எதிர்க்கத்தான் அந்தப் பிரதி அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆனால் அந்தக் ‘பிழைகள்’ ஒவ்வொன்றும் பள்ளிக்குப் போக விடாத கை எழுதியவை. கசக்கிய காகிதத்தின் மேல் தடவித் தடவிக் கற்றதன் தடம் அதில் இருக்கிறது. அதை அழித்தால் அவர் பட்ட பாட்டில் பாதி அழிகிறது.

மல்லிகா, இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் நான் இதைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரைக்காரர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு கையெழுத்துப் பிரதியாக வந்தது. ‘அவிய வந்தாவ’ என்று அவர் எழுதியிருந்ததை எல்லாம் ‘அவர்கள் வந்தார்கள்’ ஆக்கினேன். நீ வீட்டில் பேசுகிற பேச்சுதான் அது, அப்போது எனக்கு உறைக்கவில்லை. பதிப்பகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். புத்தகம் வந்த பிறகு அவர் ஒரு தபால் அட்டை போட்டிருந்தார்: ‘அச்சு நன்றாக இருக்கிறது, என் ஆத்தாதான் பேச்சை மறந்துவிட்டாள்.’ நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது இரவில் அந்த வரி வந்து எழுப்புகிறது.

கொலம்பியாவில் கந்தெலாரியோ ஒபெசோ என்று ஒருவர். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை ஸ்பானிஷில் மொழிபெயர்த்தவர், மொழி தெரியாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. அவர் 1877-இல் வெளியிட்ட ‘என் மண்ணின் மக்கள் பாடல்கள்’ தொகுப்பில், மக்தலேனா ஆற்றில் படகு தள்ளும் கறுப்பினத்தார் எப்படிப் பேசுவார்களோ அப்படியே எழுத்துக்கூட்டினார். புவேர்த்தோ ரிக்கோவின் கவிஞர் விஸ்கர்ரோந்தோவும் அப்படித்தான். வெள்ளைக்காரன் போல் வேஷம் போட்டுக்கொண்டு தன்னை இளக்காரம் செய்கிறவனைப் பார்த்து, ‘உன் பாட்டி எங்கே?’ என்று கேட்கிறார். கறுப்புப் பாட்டியை அடுக்களையில் ஒளித்து வைத்திருக்கிறான் அவன். பாட்டியைக் குறிக்கும் ‘அபுவேலா’ என்ற சொல்லைப் பேச்சில் உள்ளபடி ‘அகுவேலா’ என்றே அச்சிட்டார். அதைத் திருத்தினால் கவிதை பாட்டியை இன்னொரு முறை அடுக்களைக்குள் தள்ளிவிடும்.

கியூபக் கவிஞர் நிக்கொலாஸ் கியென் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். அவர் அச்சுக் கோப்பவராக வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியுமா? 1917-இல் அரசியல் கிளர்ச்சியின்போது படைவீரர்கள் அவர் தந்தையைக் கொன்றுவிட்டார்கள். குடும்பத்துக்காக மகன் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தார். அந்தக் கைதான் 1930 ஏப்ரலில் ஹவானா நாளிதழ் ஒன்றின் பக்கத்தில் கியூபாவின் ‘சோன்’ இசையின் தாளத்தில் எட்டுக் கவிதைகளை எழுதி வெளியிட்டது. ஹவானாவின் ஏழைக் கறுப்பினத்தார் பேசும் பேச்சு, விழுங்கிய மெய்யெழுத்துகளோடு அப்படியே. படித்த கறுப்பர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்களாம், நம்மைக் கேவலப்படுத்துகிறான் என்று. அவர்கள் வலியும் எனக்குப் புரிகிறது. ஒழுங்கான மொழி பேசினால்தான் மனிதராக மதிப்பார்கள் என்று நம்ப வைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

பின்னால் எழுதிய ‘குடும்பப் பெயர்’ என்ற நெடுங்கவிதையில் கியென், இந்தப் பெயர் என்னுடையதுதானா என்று கேட்கிறார். கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டிய இன்னொரு பெயரைத் தேடுகிறார். நான் நிக்கொலாஸ் யெலோஃபேயோ, நிக்கொலாஸ் பகோங்கோவோ, கியென் கும்பாவோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவந்த தாத்தாவின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நீயும் நானும் தலைப்பெழுத்தாக அப்பா பெயரை எத்தனை சாதாரணமாகப் போட்டுக்கொள்கிறோம்!

இதற்குப் பக்கத்தில் ஈக்வடோரியல் கினியை வைத்துப் பார். ஸ்பானிஷ் பேசும் ஆப்பிரிக்க நாடு, 1968-இல் விடுதலை பெற்றது. அங்கே யாரையும் கடல் தாண்டிக் கொண்டுபோய் ஸ்பானிஷ் திணிக்கவில்லை, மொழிதான் கடல் தாண்டி அவர்கள் வீட்டுக்குள் வந்தது. அந்த நாட்டு எழுத்தாளர் தொனாத்தோ நிதோங்கோவின் பெயரையே எடுத்துக்கொள். தொனாத்தோ ஞானஸ்நானப் பெயர், நிதோங்கோ அவர் மண்ணின் பெயர். கியென் தேடித் தேடிக் கிடைக்காத பாதி இவரிடம் இருக்கிறது. ஆனாலும் 1987-இல் வந்த அவருடைய நாவலில், பாதிரியாராகப் போகும் ஃபாங் இனச் சிறுவன் ஒருவன் தேவாலயத்துக்கும் மூதாதையர் சடங்குக்கும் நடுவில் இழுபடுகிறான். பெயர் கையில் இருந்தாலும் நிம்மதி இல்லை. ‘கறுப்பின எழுத்து’ என்று ஒரே கட்டாகக் கட்டிவிட முடியாது என்பதில் நீ சொல்வது சரி. நிறத்தைச் சொல்லாமல் விட்டால் யார் யாரைத் திருத்தினார்கள் என்பதும் மறைந்துபோகும் என்பது என் பக்கத்து நியாயம்.

இத்துடன் தனித்தாளில் கியூபக் கவிஞர் நான்சி மொரெஹோன் 1975-இல் வெளியிட்ட ‘கறுப்புப் பெண்’ கவிதையை என் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். தன்னைக் கடக்க வைத்த கடலின் நுரை வாசனை இன்னும் அடிக்கிறது என்று தொடங்கும். பத்திகளுக்கு நடுவே தனியே ஒரு வினை நிற்கும். ‘ஆந்துவே’ என்று ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல் வேண்டியிருந்தது. தமிழில் ‘நடந்தேன்’ போதும். ‘நான்’ வெளியே நிற்காமல் வினைக்குள்ளேயே இருக்கிறது, ஸ்பானிஷில் இருப்பதைப் போலவே. அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு அன்றைக்கு வேறெதையும் எழுதவில்லை. சத்தம் போட்டு வாசித்துப் பார்த்துவிட்டு உன் கருத்தைச் சொல்.

இன்னொரு செய்தி. அந்த நாகர்கோவில்காரரின் தொகுப்பை மறுபதிப்புப் போடப் போகிறார்களாம். அவர் இப்போது இல்லை. கையெழுத்துப் பிரதி மகனிடம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் பேசினேன், வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். பழைய அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டு, நான் மாற்றியதை எல்லாம் திரும்ப அவர் எழுதியபடியே வைக்கப் போகிறேன். டாக்டர் அனுமதித்தால் அடுத்த மாதம் இரண்டாம் வாரம் கிளம்புவேன். போகும் வழியில் பாளையங்கோட்டையில் உன் வீட்டில் இரண்டு நாள். எனக்குச் சந்தேகம் வரும் சொற்களை உன்னிடம்தான் கேட்க வேண்டும், அதனால் ஊரில் இரு. கீழ் அறையில் படுக்கிறாயா என்றும் வந்து பார்ப்பேன்.

அன்புடன்,
ஜெயந்தி