ஹீட்டரில் ஜில்லென்று காற்று வந்தால்

அன்புள்ள கண்ணு,

ஹோஸ் மாற்றி வாங்கியதிலிருந்து ஹீட்டரில் ஜில்லென்று காற்று வருகிறது, கிளப்பியதும் டேஷ்போர்டுக்குள் 'களக் களக்' என்று சத்தம், சேரிங் கிராஸ் ஏற்றத்தில் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டுகிறது என்று எழுதியிருந்தாய். மூன்றும் ஒரே கோளாறுதான். எஞ்சினை ஆற்றுகிற திரவமான கூலண்ட் ஓடும் வழியில் காற்று மாட்டியிருக்கிறது, ஏர் லாக். ஹோஸ் மாற்றியவர்கள் எத்தனை கூலண்ட் இறக்கினார்கள், திரும்ப எத்தனை ஊற்றினார்கள் என்று போய்க் கேள். மூன்று லிட்டர் இறங்கி இரண்டரைதான் ஏறியது என்றால், மிச்ச அரை லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. காற்று எடுக்கிற வரை வண்டியை வெளியே எடுக்காதே. கல்லட்டி ஏற்றம் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

காற்று எப்போதும் மேட்டைத் தேடும். உன் ஆல்டோவில் அந்த மேடு ஒன்று ஹீட்டர் பெட்டி, இன்னொன்று எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் உச்சி. வாட்டர் பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றைத் தள்ளத் தெரியாது. வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை மூடி வைப்பது தெர்மோஸ்டாட். அதற்குள் இருக்கிற மெழுகு, சூடான கூலண்ட் நனைத்தால்தான் விரிந்து வால்வைத் திறக்கும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் திறக்கத் தாமதிக்கும். சூட்டை அளக்கும் சென்சார் காற்றில் தொங்கினால் முள்ளும் பொய் சொல்லும், ஹெட் கொதிக்கிறபோது முள் இறங்கிக்கூட காட்டும். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்தால் செலவு பல ஆயிரம்.

ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியில், காலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சும்.

தேவையானவை: வண்டிக் கையேட்டில் சொன்ன வகை ரெடி மிக்ஸ் கூலண்ட் இரண்டு லிட்டர், வாய் நீண்ட எவர்சில்வர் புனல், பழைய சைக்கிள் டியூப் துண்டு, கெட்டித் துணி. தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனலாக்கும் வித்தையைப் பலர் சொல்வார்கள். அந்த பிளாஸ்டிக் 70 டிகிரிக்கு மேல் குழைந்து சாயும், சுடு கூலண்ட் கையில் கொட்டும், வேண்டாம். டியூப் துண்டைப் புனலின் கழுத்தில் சுற்றி, ரேடியேட்டர் வாயில் இறுக்கமாகச் செருகு. புனலில் நிற்கிற கூலண்ட்தான் இப்போது வண்டியில் உயரமான இடம், காற்று அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

வண்டியின் மூக்கு மேல் நோக்கி இருக்கும்படி இலேசான சரிவில் நிறுத்து. ஊட்டியில் சரிவுக்குப் பஞ்சமா? ஆனால் எஞ்சின் ஓடவேண்டியிருப்பதால் கியரில் போட்டு நிறுத்த முடியாது. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, பின் சக்கரம் இரண்டுக்கும் பின்னால் நல்ல கல் வை.

ஹீட்டர் குமிழைச் சிவப்புக் கோடி வரை தள்ளு, புளோயர் முதல் நம்பரில் போதும். குமிழ் நீலத்தில் இருந்தால் ஹீட்டருக்குப் போகும் வால்வு மூடியே இருக்கும், அங்கே மாட்டிய காற்று எத்தனை நேரம் ஓட்டினாலும் வராது. பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஏ.சி.யைப் போடாதே. போட்டால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் சூடேறாது.

இனி ஊற்று, நூல் மாதிரி மெதுவாக. வேகமாக ஊற்றினால் இறங்குகிற கூலண்டே காற்றை அடைத்துவிடும். நடுநடுவே ரேடியேட்டரின் மேல் ஹோஸை, பால் கறக்கிற மாதிரி, அழுத்தி அழுத்தி விடு. புனலில் 'குபுக்' என்று குமிழி வந்து மட்டம் இறங்கும், திரும்ப ஊற்று. குமிழி நின்றதும் புனலில் கால்வாசி நிற்கும்படி வைத்து வண்டியைக் கிளப்பு. எத்தனை ஏறியது என்று கேனில் பேனாவால் கோடு போட்டுக்கொள்.

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடட்டும். அந்தக் குளிரில் சூடேற இருபது நிமிடம்கூட ஆகும். கூலண்ட் சூட்டில் விரிவதால் புனலில் மட்டம் மெதுவாக ஏறும், பயப்படாதே. தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும், எண் அதிலேயே பொறித்திருக்கும். திறந்தது எப்படித் தெரியும்? மட்டம் சட்டென்று விழும், பெரிய குமிழிகள் வரும், அதுவரை ஆறிக்கிடந்த கீழ் ஹோஸ் சுட ஆரம்பிக்கும். புனலை நிரப்பிக்கொண்டே இரு. பிறகு 2,000 ஆர்.பி.எம். அளவுக்கு அரை நிமிடம் ரெய்ஸ் பண்ணி விடு, மூன்று நான்கு தடவை. ஹீட்டரில் கைவைத்தால் சுடச்சுடக் காற்று வர வேண்டும். துப்பட்டாவையும் கூந்தலையும் கட்டிக்கொள், ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும்.

'ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கிற வரை மூடியைத் திறந்தே வை' என்று எல்லோரும் சொல்வார்கள். கோயம்புத்தூரில் அது சரி. நீ இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே பச்சைத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட்கூட மூடியில்லாமல் 100-ஐ ஒட்டிக் கொதிக்கும். ஃபேன் ஓடுவதோ 95-ஐத் தாண்டி. ஃபேனுக்காகக் காத்திருந்தால் புனல் பொங்கி வழியும், வழிந்த இடத்தில் புதுக் காற்று புகும். அதனால் ஹீட்டர் சுட்டு, குமிழி நின்று, கீழ் ஹோஸும் சூடானால் போதும். எஞ்சினை நிறுத்து, குமுறல் அடங்கக் கொஞ்சம் பொறு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு புனலை எடுத்து, வாய் வரை நிரப்பி மூடியை இறுக்கு. ஃபேன் ஓடுகிறதா என்பதை மூடிய பிறகு ஓடவிட்டுப் பார். 0.9 என்று அழுத்த அளவு பொறித்த மூடி உள்ளே அழுத்தத்தைச் சரியாகப் பிடித்தால் உன் ஊரில் பச்சைத் தண்ணீர்கூட 114 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் விறைத்தோ வெடித்தோ இருந்தால் புதிது போட்டுவிடு, தயங்காதே.

ரிசர்வ் டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஊற்று. வண்டி ஆறும்போது ரேடியேட்டர் அதிலிருந்துதான் உறிஞ்சும். டப்பாவுக்குள் போகும் சின்னக் குழாயின் நுனி கூலண்டில் மூழ்கியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் கூலண்டுக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். முதல் மூன்று நாள் காலையில், ஆறிய வண்டியில், மூடியைத் திறந்து பார். கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பு. மறைந்திருந்த கடைசிக் காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

மூன்று நாளுக்கு மேலும் இறங்கினால் ஹோஸ் கிளிப்பையும் வாட்டர் பம்பின் அடியையும் பார். அங்கே ஈரம் இல்லை, ஆனால் திரும்பப் புனலைச் செருகி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய உடனேயே குமிழி ஓயாமல் வருகிறது, அல்லது மூடியைப் போட்டுக் கிளப்பினால் இரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாகிறது என்றால், உள்ளே வருவது காற்றல்ல, புகை. ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கிற தகடு, ஹெட் கேஸ்கெட், போயிருக்கலாம். எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் நிற்காது. நீலத் திரவம் வைத்துச் சோதிக்கும் கருவி இருக்கிற ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துப் போ, ரேடியேட்டர் வாயில் வைத்தால் புகை கலந்திருக்கும்போது மஞ்சளாகும். காலைக் குளிரில் சைலன்சரில் வருகிற வெள்ளைப் புகையைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதே. வண்டி சூடானதும் மறைந்தால் அது வெறும் நீராவி.

கொட்டிய கூலண்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடு. தித்திப்பாக இருப்பதால் தெரு நாய் நக்கும், நக்கினால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் நாள் காலை டப்பாவில் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது, மொத்தம் எத்தனை ஏறியது, இந்த இரண்டையும் எழுது.

அன்புடன்,
அப்பா